வாய்பாடு யார் பொறுப்பு?

மனனம் என்னும் சொல் கல்வி பற்றிப் பேசுவோரிடையே இன்று ஏறத்தாழ ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. "கிளிப்பிள்ளைப் பாடம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் விவாதம் முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் கருத்தரங்குகளிலும் ஆசிரியப் பயிற்சி வகுப்புகளிலும் நிலைபெற்றுள்ளது. மறுபுறத்திலே, பழைய சட்டம்பியாரின் பிரம்பையும், பதினாறாம் வாய்பாடு வரை மூச்சுவிடாமல் ஒப்புவித்த பழைய மாணவனையும் நினைந்து பெருமூச்செறிவோரும் குறைவாக இல்லை. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருக்கையில், ஆறாம் தரத்து வகுப்பறையொன்றிலே ஒரு பிள்ளை, பின்னக் கணக்கின் நடுவில், மேசைக்கடியில் விரல்களை ஒளித்துவைத்து ஏழெட்டு எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருக்கின்றது. அப்பிள்ளையை இவ்விரு கட்சியினருமே கைவிட்டுவிட்டனர்.

ஒற்றை இலக்க எண்களின் கூட்டலும் பெருக்கலும் ஒவ்வொரு பிள்ளையின் நினைவிலும் உறுதியாகப் பதிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு பதியச் செய்யும் பொறுப்பு வகுப்பறைக்குரியது. அப்பொறுப்பைப் பாடசாலை வீட்டுக்கும் ரியூசன் வகுப்புக்கும் தள்ளிவிட்டமை இலவசக் கல்வியின் பெயரால் நிகழும் ஓர் அநீதி. இதுவே இக்கட்டுரையின் வாதம். இதனை நிறுவுவதற்கு, மனனத்தை இகழ்வோர், பிரம்பைப் போற்றுவோர் ஆகிய இரு திறத்தார்க்கும் விடையிறுத்தல் அவசியமாகின்றது.

மனனத்தை இகழ்வோர்

கணிதம் சிந்தனைக்குரியது, சிந்தனைக்கு மனனம் பகை, பெருக்கலின் பொருளை உணர்ந்த பிள்ளை வேண்டியபோது விடையைத் தானே கண்டுகொள்ளும், அதுவும் இயலாவிடின் கணிகருவி இருக்கின்றது. மனனத்தை இகழ்வோர் முன்வைக்கும் வாதம் இதுவே. கேட்பதற்கு இது முற்போக்கானதாகத் தோன்றுகின்றது. ஆயின், மனித மனம் தொழிற்படும் முறையினை இவ்வாதம் கருத்திற் கொள்ளவில்லை.

மனிதன் ஒரே வேளையில் மனத்திலே தாங்கி வைத்திருக்கக்கூடிய விடயங்கள் மிகச் சில என்பதனை அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956 இல் எடுத்துக்காட்டினார். அலன் பட்லி, கிரகம் ஹிச் ஆகியோர் 1974 இல் இதனை மேலும் வளர்த்து, சிந்திக்கும் கணத்திலே பயன்படும் தொழிற்படு நினைவு பற்றிய கோட்பாட்டினை முன்வைத்தனர். இந்நினைவு ஒரு சிறிய மேசையை ஒத்தது. அதன்மேல் வைக்கக்கூடிய பொருட்கள் சிலவே; ஒன்றைப் புதிதாக வைக்க இன்னொன்று விழுந்துவிடும். நீண்டகால நினைவோ பெரும் பண்டகசாலை போன்றது. அங்கிருந்து தயாராக எடுக்கப்படும் பொருள் மேசையிலே இடத்தை அடைப்பதில்லை. அங்கு இல்லாத பொருளை மேசையின் மேலேயே செய்து முடிக்க வேண்டியிருக்கின்றது.

இதன் விளைவினை ஓர் எளிய கணக்கிற் காணலாம். எட்டில் மூன்றையும் பன்னிரண்டில் ஐந்தையும் கூட்டுமாறு பிள்ளை கேட்கப்படுகின்றது எனக் கொள்வோம். இக்கணக்கிலே பிள்ளை உணரவேண்டிய கருத்து ஒன்றுதான்: வெவ்வேறு அளவாக வெட்டப்பட்ட துண்டுகளைக் கூட்டுவதற்கு முன்னர் அவற்றை ஒரே அளவுத் துண்டுகளாக்குதல் வேண்டும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் பொதுமடங்குகளுட் சிறியது 24. எட்டில் மூன்று இருபத்துநான்கில் ஒன்பதாகவும், பன்னிரண்டில் ஐந்து இருபத்துநான்கிற் பத்தாகவும் மாறுகின்றன. விடை இருபத்துநான்கிற் பத்தொன்பது. மூவெட்டு இருபத்துநான்கு என்பது நாவிலேயே இருக்கும் பிள்ளைக்கு இக்கணக்கு ஒரு கருத்தைக் கற்பிக்கின்றது. அது இல்லாத பிள்ளையோ எட்டு, பதினாறு என்று எண்ணத் தொடங்கி, இருபத்துநான்கினை அடைந்து நிமிரும்போது, எதற்காக எண்ணத் தொடங்கியது என்பதனையே மறந்துவிடுகின்றது. ஆசிரியர் பின்னத்தைக் கற்பித்ததாக எண்ணுகின்றார்; பிள்ளை அன்று கற்றது எட்டு எட்டாக எண்ணுதலை மட்டுமே.

கணிகருவி இக்குறையைத் தீர்க்கும் என்பதும் மேலோட்டமான விடையேயாகும். இருபடிக் கோவையொன்றைக் காரணிப்படுத்த முயலும் மாணவன், தம்முட் பெருக்கினால் 42 உம் கூட்டினால் 13 உம் தரக்கூடிய இரண்டு எண்களைத் தேடுகின்றான். ஆறும் ஏழும் என்று வாய்பாடு அவனுக்குச் சொல்லும். ஆறையும் ஏழையும் பெருக்கினால் என்ன வரும் என்று கேட்டாற் கணிகருவி விடை கூறும். எந்த இரண்டினைப் பெருக்கவேண்டும் என்பதனை அது தானாக முன்வந்து கூறுவதில்லை. கணிதத்திலே மேலே செல்லச் செல்ல, வாய்பாட்டினை முன்னோக்கிச் சொல்லுவதிலும் பார்க்க, விடையிலிருந்து பின்னோக்கிக் காணும் தேவையே மிகுதி. வகுத்தலும் காரணிகளும் விகிதமும் சதவீதமும் அத்தகையன. நினைவில் இல்லாத ஒன்றைப் பின்னோக்கிக் காண்பது எங்ஙனம்?

எனவே, சிந்தனைக்கு நினைவு பகை என்ற கூற்று உளவியலுக்கு ஒவ்வாதது. நினைவு வெறுமையாக இருக்குமிடத்திலே சிந்தனைக்கு வேலை செய்ய இடமே கிடைப்பதில்லை. கவிதையைப் பற்றிச் சிந்திப்பதற்குச் சில கவிதைகளேனும் நினைவில் இருத்தல் வேண்டும் என்பதனைக் கலைப்பீடத்து மாணவர் எவரும் மறுக்கமாட்டார். கணிதத்துக்கு மாத்திரம் வேறொரு நியாயம் கற்பிக்கப்படுவது விந்தையே.

பிரம்பைப் போற்றுவோர்

இவ்வளவையும் கேட்டவுடன் மற்றைய கட்சியினர் மகிழ்ச்சியுறக்கூடும். "நாங்களும் இதையேதான் சொல்லுகின்றோம், பிரம்பைத் திருப்பிக் கொடுங்கள், வாய்பாடு தானாக வரும்" என்பர். இவர்கள் நாடும் பொற்காலம் எத்தகையது என்பதும் ஆராயப்படவேண்டியதே.

தமிழ் மரபிலே திண்ணைப் பள்ளிக்கூடங்களின் எண்கல்வி வியக்கத்தக்கதாக இருந்தமை உண்மை. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று படிமுறையாக அது அமைந்திருந்தது. முழுவெண்களோடு அரை, கால், அரைக்கால், மா, காணி, முந்திரி முதலிய பின்னங்களின் வாய்பாடுகளும் பிள்ளைகளாற் பாடமாக்கப்பட்டன. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. இன்றைய பட்டதாரிகள் பலரும் தயங்கும் பின்னத்தினை அன்று பத்து வயதுப் பிள்ளை வாயாற் கணித்தது. இம்மரபினை ஆராய்ந்து 2022 இல் நூல் வெளியிட்ட செந்தில் பாபு, அங்கு நினைவு என்பது பொருளற்ற ஒப்புவித்தலாக இருக்கவில்லை, அது கற்கும் முறையாகவே தொழிற்பட்டது என்று வாதிடுகின்றார். அவ்வாதம் ஏற்கத்தக்கது. ஏனெனில், அன்று பாடமாக்கப்பட்ட எண்கள் பிள்ளை கண்ணாற் கண்ட நெல்லோடும் நிலத்தோடும் பொன்னோடும் பிணைந்திருந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு, நான்கு, எட்டு என்னும் இரட்டிப்பு முறையினை இவ்வளவைகள் தம்முள்ளே தாங்கியிருந்தன. ஒரு குறுணி நெல் அறுபத்துநான்கு ஆழாக்கு என்று அறிந்த பிள்ளைக்கு எட்டெட்டு அறுபத்துநான்கு என்பது வெற்றொலியாக இருந்திருக்க இயலாது.

ஆயின், பிரம்பைப் போற்றுவோர் இம்மரபிலிருந்து எடுத்துக்கொள்வது நெல்லையும் நாழியையும் அன்று, பிரம்பினை மாத்திரமே. மேலும், அத்திண்ணையிலே யார் அமர்ந்திருந்தனர் என்ற வினாவினையும் அவர்கள் எழுப்புவதில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அத்திண்ணை பெரும்பாலும் மூடியே கிடந்தது. பெண்பிள்ளைகளின் நிலையும் ஏறத்தாழ அஃதே. நெல்லை அளந்து கணக்கெழுதியவன் எண்சுவடி கற்றான். அந்நெல்லை விளைவித்தவனுக்கு அது மறுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமரும் உரிமைக்காக 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே போராட வேண்டியிருந்தமையும் வரலாறே. வாய்பாடு சிலரின் சொத்தாக இருந்த காலத்தினைப் பொற்காலம் என்பது அச்சிலருக்கே பொருந்தும்.

பிரம்பின் கல்விப் பயன் குறித்தும் ஐயத்துக்கு இடமில்லை. கணித அச்சம் தொழிற்படு நினைவினைக் குலைக்கின்றது என்பதனை மார்க் அஷ்கிராவ்ற், எலிசபெத் கேர்க் ஆகியோரின் 2001 ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. மேற்கூறிய சிறிய மேசையின் பெரும்பகுதியினை அச்சமே பிடித்துக்கொள்கின்றது. விடையை அறிந்த பிள்ளையும் அடிக்கு அஞ்சி அதனை மறக்கின்றது. மறந்தமைக்காக அடியும் வாங்குகின்றது. கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது மனிதாபிமானத்தின்பாற்பட்டது மாத்திரமன்று. கணிதம் கற்பித்தற்கும் அதுவே உகந்தது.

பிரம்பு மறைந்த இடங்களில் மணிக்கூடு வந்து அமர்ந்துகொள்வதும் உண்டு. இங்கிலாந்திலே 2022 முதல் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாய்பாட்டுப் பரீட்சையொன்று கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வினாக்கள் 25, ஒவ்வொன்றுக்கும் 6 வினாடிகள். வாய்பாடு முக்கியமானது என்று ஒரு நாடு வெளிப்படையாக அறிவித்தமை வரவேற்கத்தக்கது. ஆயின் வினாடியை அளப்பது கற்பித்தலாகாது. வேகம் என்பது உறுதியான நினைவின் விளைவு. விளைவினை அளந்துகொண்டேயிருந்தாற் காரணம் தோன்றிவிடும் என்று எண்ணுவது, நாற்றினை நாளும் முழங்கோலால் அளந்தால் அது வளரும் என்று எண்ணுவதனை ஒத்தது.

வெற்றொப்புவித்தல் ஏன் தோற்கின்றது?

இனி, பிரம்பில்லாத வெற்றொப்புவித்தலையும் நோக்குதல் தகும். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு" என்று பாடுவது செவிக்கு இனியது. மேற்பார்வைக்கு வரும் அதிகாரிக்கும் நிறைவளிப்பது. அவ்வொலிக் கூட்டத்திலே வாயை மாத்திரம் அசைக்கும் பிள்ளைகள் எத்தனை என்பது எவர்க்கும் தெரிவதில்லை. பாடுபவர்களுக்கும் அவ்வெண்கள் ஒரு சங்கிலியின் கண்ணிகளாகவே பதிகின்றன. ஏழெட்டு எவ்வளவு என்று தனியே கேட்டால், பிள்ளை ஓரேழிலிருந்து தொடங்கி எட்டாம் படிவரை ஏறிச்சென்றே விடையை அடைகின்றது. பாட்டு நினைவிலிருக்கின்றது, பெருக்கல் இல்லை.

பொருளுணர்வு வருவதற்கு முன்னர் திணிக்கப்படும் பயிற்சியின் பயன் யாது என்னும் வினாவுக்கு உளவியல் விடையளித்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகின்றது. எண்கணிதத்தைத் தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடையிலான இணைப்புகளாகவே நோக்கிய தோண்டைக் 1922 இல் எழுதிய நூல் பயிற்சிக்குப் பேரிடம் அளித்தது. இதனை மறுத்த வில்லியம் பிறவுணல், சாளற் சசல் என்பாரோடு இணைந்து 1935 இல் வெளியிட்ட ஆய்விலே, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி மேற் பயிற்சி அளித்த பின்னரும், எண்ணி எண்ணி விடை கண்ட பிள்ளைகள் பலர் எண்ணுதலைக் கைவிடவில்லை, அதனையே முன்னரிலும் விரைவாகச் செய்யப் பழகிக்கொண்டனர் என்று காட்டினார். இம்முடிவு இரு கட்சியினரும் சிந்திக்கவேண்டியது. பயிற்சி பிள்ளையிடம் ஏற்கெனவே உள்ள வழியினை வேகப்படுத்துகின்றது. சிறந்த வழியினை அது தானாக உண்டாக்குவதில்லை. வழியை உண்டாக்குவது விளக்கம். உண்டான வழியினை நிலைநிறுத்துவது பயிற்சி. இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுப்பது, ஏரினைக் கொண்டு விதையை மறுப்பது போன்றது.

வீட்டுக்கு அனுப்பப்பட்ட பாடம்

இவ்விவாதத்திலே பெரும்பாலும் பேசப்படாத பகுதி இதுவே. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டிற் கல்வி இலவசமாயிற்று. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளிற் கணிதத்தை யாவர்க்கும் பொதுவான பாடமாக்கிற்று. இன்றும் க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதம் கட்டாய பாடமாகவே உள்ளது. 1997 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியிலே விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் உரிய இடத்தினை வழங்கியது. இவை யாவும் வரவேற்கத்தக்க மாற்றங்களே. செயற்பாட்டின் மூலம் பெருக்கலின் பொருளைப் பிள்ளை உணரவேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

ஆயின் நடைமுறையில் நிகழ்வது யாது? செயற்பாடு வகுப்பறையில் நிறைவுறுகின்றது. பொருள் உணரப்பட்டதாகக் குறிக்கப்படுகின்றது. பின்னர், "நாலாம், ஐந்தாம் வாய்பாடுகளைப் பாடமாக்கிக்கொண்டு வருக" என்ற ஒரு வரி வீட்டுவேலையாக அப்பியாசக் கொப்பியில் எழுதப்படுகின்றது. கற்றலின் மிகக் கடினமான பகுதி, நாளும் பொறுமையுடன் பிறரொருவர் அருகிருந்து கேட்டுத் திருத்தவேண்டிய பகுதி, அந்த ஒரு வரியோடு பாடசாலையின் கையை விட்டுப் போகின்றது. மனனம் நவீனக் கல்விக்கு ஒவ்வாதது என்று சொல்லிக்கொண்டே, மனனத்தின் முழுச் சுமையும் வீட்டின்மேல் இறக்கப்படுகின்றது. மறுநாட் பரீட்சையிலோ அம்மனனமே எதிர்பார்க்கப்படுகின்றது.

அவ்வீடு எத்தகையது என்பதைப் பொறுத்தே எஞ்சியவை தீர்மானிக்கப்படுகின்றன. உத்தியோகத்தரின் வீட்டிலே தாய் சமைத்தவாறே "ஆறேழு?" என்று கேட்பாள், தந்தை மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றிச் செல்லும்போது "எண்ணேழு?" என்பார், அவர்களுக்கு நேரமில்லாவிடிற் பணம் இருக்கும், ரியூசன் ஆசிரியர் கேட்பார். மலையகத்து லயத்திலே விடியுமுன் கொழுந்தெடுக்கச் செல்லும் தாயும், தோட்டப் பாடசாலையிலே சில வகுப்புகளோடு படிப்பை நிறுத்திய தந்தையும் யாரிடம் எதனைக் கேட்பர்? கரைவலை இழுக்கும் குடும்பத்திலும், பிறர் காணியில் வெங்காயம் நடும் குடும்பத்திலும் நிலைமை வேறன்று. இரு பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் அமர்கின்றனர். ஒன்றுக்கு வாய்பாடு வீட்டிலிருந்து வந்துவிடுகின்றது. மற்றையதற்கு அது எங்கிருந்தும் வருவதில்லை. ஆறாம் தரத்திலே முதற்பிள்ளை "கெட்டிக்காரன்" என்றும் இரண்டாம் பிள்ளை "கணிதம் ஓடாத மண்டை" என்றும் பெயர் பெறுகின்றனர். வர்க்கம் இவ்வாறு மூளையாக உருமாறி நிற்கின்றது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வறிய பிள்ளைகளுக்கு வழி திறப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. அதுவே இன்று ரியூசன் வகுப்புகளின் பெருஞ்சந்தையாகியிருக்கின்றமை யாவரும் அறிந்ததே. சந்தையில் விற்கப்படும் பண்டங்களுள் வாய்பாடும் ஒன்று என்பது சொல்லித் தெரிய வேண்டியதன்று. இலவசமாக வழங்கப்பட வேண்டிய ஆகச் சிறிய அறிவு, நூறு கட்டங்களுக்குள் அடங்கிவிடும் அறிவு, காசுக்கு வாங்கப்படுகின்றது.

இதன் விளைவு பரீட்சைப் பெறுபேற்றோடு நிற்பதுமில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்திலே தன் நாட்கூலி சரியாகப் பதியப்பட்டதா என்று அங்கேயே மனத்திற் கணித்து வினவக்கூடிய தொழிலாளிக்கும், பதிந்ததை ஏற்றுக்கொண்டு திரும்பும் தொழிலாளிக்கும் இடையிலான வேறுபாடு சிறியதன்று. பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்னும் காணிக் கணக்கிலும், அடகுக்கடை வட்டிக் கணக்கிலும் இதே வேறுபாடு தொடர்கின்றது. கணக்கறியாதவனைக் கணக்கறிந்தவன் ஆள்வது இந்நாட்டுக்குப் புதியதன்று.

வகுப்பறை செய்ய வேண்டியது

நாற்பது பிள்ளைகளையும் நிறைந்த பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டு ஆசிரியர் என்ன செய்வார் என்ற வினா இவ்விடத்து எழும். நியாயமான வினாவே. குற்றம் தனியோர் ஆசிரியரைச் சார்ந்ததன்று. மனனத்துக்கு நேரசூசியில் இடமே ஒதுக்காத முறைமையைச் சார்ந்தது. ஆயின், செய்யவேண்டிய வேலை மலைப்பூட்டும் அளவு பெரிதன்று என்பதனைக் கணக்கே காட்டுகின்றது.

பத்தின் வாய்பாடு வரை உள்ள பெருக்கல்கள் 100. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்பதனைப் பிள்ளை உணர்ந்தவுடன் அவை 55 ஆகக் குறைகின்றன. ஒன்றாலும் பத்தாலும் பெருக்குவதற்குப் பயிற்சி வேண்டியதில்லை, எஞ்சுவன 36. இரண்டாற் பெருக்குதல் இரட்டித்தலே, எஞ்சுவன 28. ஐந்தாற் பெருக்குதல் பத்தின் பாதி, எஞ்சுவன 21. ஒன்பதாற் பெருக்குதல் பத்து மடங்கில் ஒரு மடங்கு குறைவு, அஃதாவது ஒன்பதேழு என்பது எழுபதில் ஏழு குறைய அறுபத்துமூன்று, எஞ்சுவன 15. நான்கு என்பது இரட்டையின் இரட்டை, எஞ்சுவன 10. எட்டு என்பது அதனையும் இரட்டிப்பது, எஞ்சுவன 6. மூன்றும் ஆறும் ஏழும் தமக்குள்ளே பெருகும் அவ்வாறு பெருக்கல்களே தனிமுயற்சி வேண்டுவன. நூறு என்று பிள்ளையை அச்சுறுத்திய சுவர் இவ்வாறு ஆறு கற்களாகச் சுருங்குகின்றது. கூட்டலும் அவ்வாறே, எட்டும் ஐந்தும் என்றால் எட்டைப் பத்தாக்கி மூன்றைச் சேர்க்கும் வழி ஒன்றே பலவற்றைத் தீர்க்கும்.

இவ்வழிகள் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கியே காட்டப்படலாம். வரிசைக்கு எட்டாக ஏழு வரிசைகளை அடுக்கி, ஐந்து வரிசைகளுக்குக் கீழே ஓர் ஈர்க்கினை வைத்தால், மேலே நாற்பது, கீழே பதினாறு, கூடி ஐம்பத்தாறு என்பதனைப் பிள்ளை கண்ணாற் காண்கின்றது. விடையை மறந்தாலும் திரும்பிச் செல்ல அதற்கு ஒரு வழி உண்டு. தமிழ்மொழியும் இங்கு துணைபுரிகின்றது. இருபது என்னும் சொல்லிலேயே இரு பத்து இருக்கின்றது. முப்பதும் நாற்பதும் அத்தகையன. ஈராறு, மூவைந்து, எண்ணான்கு என எண்ணைப் பெயரடையாக்கிப் பெருக்கலை உணர்த்தும் ஆற்றல் இம்மொழிக்கு இயல்பாகவே அமைந்துள்ளது. தொண்ணூறு போன்ற விலக்குகளை ஆசிரியர் எடுத்துக்கூறினாற் போதுமானது.

ஆனால், வழியறிந்ததோடு நின்றுவிடலாகாது. மனனத்தை இகழ்வோர் தவறுவது இவ்விடத்திலேயாம். வழியாற் கண்ட விடை மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து அழைக்கப்பட்டாலன்றி அது நிலைபெறாது. மறதியின் போக்கினை 1885 இலேயே எபிங்ஹவுஸ் அளந்து காட்டினார். ஒரே மூச்சிற் கற்பதிலும் பார்க்க இடைவிட்டுக் கற்பது நிலைக்கும் என்பது அவர் ஆய்விலிருந்து தொடங்கி உறுதிப்பட்ட உண்மை. மீண்டும் மீண்டும் வாசிப்பதிலும் பார்க்க, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வதே ஒரு கிழமை கழிந்த பின்னரும் நிலைக்கும் கல்வியைத் தருகின்றது என்று ரொடிகரும் காப்பிக்கும் 2006 இற் காட்டினர். எனவே வாய்பாட்டினை எழுதி எழுதிப் பார்ப்பதிற் பயன் குறைவு. கேட்கப்படுவதிலேயே பயன் மிகுதி.

இதற்கு வேண்டுவது நாளொன்றுக்குப் பத்து நிமிடம். பழைய கலண்டர் மட்டைகளை வெட்டி, ஒரு பக்கத்தில் வினாவும் மறுபக்கத்தில் விடையும் எழுதிக்கொள்ளலாம். பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து ஒருவரையொருவர் கேட்கலாம்; வரிசை மாறிக் கேட்கலாம்; விடையைச் சொல்லி வினாவைக் கேட்கலாம். தெரிந்தவை ஒருபுறமும் தெரியாதவை மறுபுறமும் வைக்கப்பட, தெரியாதவை நாளையும், தெரிந்தவை அடுத்த கிழமையும் மீண்டும் கேட்கப்படலாம். மணிக்கூடு வேண்டாம்; வகுப்பின் முன்னே நிறுத்தி ஒப்புவிக்கச் செய்தல் வேண்டாம்; முதலாம், இரண்டாம் இடங்களும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் மட்டைகளை மாத்திரமே தன் நேற்றைய நிலையோடு ஒப்பிடுதல் போதும். ஆசிரியர் அப்பத்து நிமிடத்திலே வகுப்பைச் சுற்றிவந்து, விரல்களை ஒளிக்கும் பிள்ளையின் அருகில் அமர்தல் வேண்டும்.

இது ஆரம்ப வகுப்புகளோடு முடிவதுமன்று. ஆறாம் தரத்துக்கு வாய்பாடின்றி வந்த பிள்ளையினை "கீழ் வகுப்பிற் படித்திருக்க வேண்டும்" என்று சொல்லிக் கைகழுவும் இடைநிலை ஆசிரியரும் இப்பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. கீழ் வகுப்பு வீட்டைக் காட்டியது. மேல் வகுப்பு கீழ் வகுப்பைக் காட்டுகின்றது. வீடு ரியூசனைக் காட்டுகின்றது. சுட்டப்பட்ட விரல்கள் பல. பிள்ளையின் விரல்கள் மாத்திரம் மேசைக்கடியில் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கின்றன.

பல்கலைக்கழக மாணவரும் இதிலிருந்து விலகி நிற்றலாகாது. இன்று கலைப்பீடங்களிற் பயில்வோருட் பலர் நாளை ஆசிரியராகவும் அதிபராகவும் கல்வி அதிகாரியாகவும் போகின்றவர்கள். மனனத்தை இகழும் நாகரிகத்தையும் பிரம்பைப் போற்றும் பழக்கத்தையும் ஒருங்கே கைவிட்டு, நேரசூசியிலே அப்பத்து நிமிடத்தைக் கேட்டுப் பெறுவது அவர்களது கடமை. ஆரம்பப் பிரிவின் ஒவ்வொரு வகுப்பிலும் அதற்கு நாளாந்தம் இடம் ஒதுக்கப்படல் வேண்டும். வாய்பாட்டினைப் பாடமாக்கி வருமாறு எழுதப்படும் அவ்வொரு வரி வீட்டுவேலை நிறுத்தப்படல் வேண்டும். லயத்திலிருந்து வரும் பிள்ளையும் உத்தியோகத்தரின் பிள்ளையும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதனை ஒரே வாங்கிலிருந்து, ஒரே ஆசிரியரிடமிருந்து, காசின்றிப் பெறும் நாளிலேயே 1945 இல் அளிக்கப்பட்ட வாக்குறுதியின் முதற்பகுதியேனும் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.